ஊருக்கெல்லாம் வைத்த பெயர்

என் மகள் பிறந்து இரண்டு மாதம் கடந்தும் அவளுக்குப் பெயர் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். தடுப்பூசி அட்டையில் என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘பெண் குழந்தை’ என்று போட்டிருந்தார்கள். ஊசி போடப் போகும்போதெல்லாம் நர்ஸ் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“இன்னும் வைக்கலியா? எம்.எல்.ஏ. வீட்டுப் பிள்ளைக்கா பேரு கிடைக்கல?” என்று ஒருமுறை கேட்டார்.

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, அது கிண்டலா அக்கறையா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெயர் கிடைக்காமல் இல்லை. அது என்ன பெயர் என்று சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். வைக்க வேண்டியவர்தான் கிடைக்கவில்லை. அவர் தென்காசியில் இதே வீட்டில், நான் பிரசவத்துக்கு வந்து படுத்திருந்த மாடி அறைக்கு நேர் கீழே, முன்னறையில்தான் ஊரில் இருக்கும் நாட்களில் காலைதோறும் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக அவருடைய இருமல் கேட்கும். “அடுத்து யாரு, வாங்க” என்ற குரல் கேட்கும். நான் கீழே இறங்கி வருவதற்குள் கார் கிளம்பிப் போயிருக்கும்.

அப்பா காவல்துறையில் இருந்தவர். சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்றார். அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈரக் காக்கியின் வாசனை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் குற்றாலத்துக்கு வருவார்கள். எங்களுக்குச் சீசன் என்றால் அப்பா வீட்டுக்கு வரமாட்டார் என்று அர்த்தம். வேறு ஸ்டேஷனில் இருந்தாலும் அருவி பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்வார்கள். எப்போதாவது வந்தால், ஊறி வெளுத்துப்போன பாதங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டே தூங்கிப் போவார்.

ஒருநாள் அம்மா என்னை மெயின் அருவிக்கு அழைத்துப் போனாள். பெண்கள் பக்கத்தில் நாங்கள் குளித்துக்கொண்டிருக்க, அப்பா சற்றுத் தள்ளி விசிலோடு நின்றிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் பார்த்தாரா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறி, அருவி பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தது. விசில் அடித்துக்கொண்டு வந்தவர், எல்லாரையும் விரட்டுவதுபோலவே எங்களையும் விரட்டினார். “ஏ பாப்பா, வெளிய வா, வெளிய வா” என்று என்னிடம் சொன்னபோது அது யார் பிள்ளையிடமும் சொல்லும் குரலாக இருந்தது. அம்மா என் தலையைத் துவட்டும்போது நான் அழுதேன். மறுநாள் வீட்டுக்கு வந்தவரிடம் அம்மா அதைச் சொன்னாள்.

“அத்தன கூட்டத்துல உன்ன மட்டும் தனியாக் கூப்பிட முடியாதுல்லா” என்றார். சமாதானம் சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார்.

அன்று சாயங்காலம், அதற்கு ஈடாகவோ என்னவோ, கடைத்தெருவுக்கு அழைத்துப் போய் மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தார். அவர் ஓட்டை அழுத்தி உடைத்துத் தர, நான் வெள்ளைச் சுளைகளை எடுத்துத் தின்றேன். அப்போதுதான் கேட்டார்.

“உனக்கு நான் வேற பேரு வச்சிருந்தேன், தெரியுமா?”

நான் பிறந்தபோது அவர் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து போயிருந்தாராம். அங்கே இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு வந்து, அவரால் கிளம்ப முடியவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது எனக்குப் பெயர் வைத்து, எல்லாருக்கும் சீனி கொடுத்து முடித்திருந்தார்கள். பெரிய மாமா வைத்த பெயர்.  அப்பா, வழியெல்லாம் ஜீப்பில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பெயரை மனதிலேயே வைத்துக்கொண்டார். அன்று கடைத்தெருவில் அதை என்னிடம் சொன்னார். நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெயர் இருந்திருந்தால் நான் கொஞ்சம் தைரியமான பெண்ணாக இருந்திருப்பேனோ என்று இன்றைக்கும் சில சமயம் தோன்றும். எனக்கொரு மகள் பிறந்தால் அதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். அதை அப்பாதான் வைக்க வேண்டும் என்றும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலையும் கழுத்துமாக ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மாலையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, “இனிமே வீட்டு டூட்டிதான்” என்றார்.

“வீட்டுக்கு டிரான்ஸ்பர் வாங்க இத்தன வருசமா?” என்றாள் அம்மா.

அந்த மழைக்காலத்தை நான் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்போது படிப்பை முடித்துவிட்டு வரனுக்காக வீட்டில் இருந்தேன். தினமும் காலையில் அப்பாவும் நானும் இலஞ்சிக்குப் போகிற சாலையில் நடப்போம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் வயல். மலை பாதி மேகத்துக்குள் இருக்கும். அவர் ரோந்து போகிற வேகத்தில் நடப்பார். நான் ஓட வேண்டியிருக்கும். மூச்சு வாங்குவது கேட்டால் நின்று, குடையை என் பக்கம் சாய்ப்பார். ஒருநாள், “ஆமா, நீ காலேஜ்ல என்ன படிச்ச?” என்று கேட்டார். படித்து முடித்த பிறகு கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேதியியல் என்று சொன்னேன். அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல, புகார் கொடுப்பவனைப் பார்ப்பதுபோல முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பேசுவதை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மழை நிற்பதற்குள் கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர் வேலை பார்த்த ஊர்களில் அவரைப் பற்றி நல்ல பேர் இருந்தது. லஞ்சத்துக்குக் கை நீட்டமாட்டார், ஏழை சொல்லையும் உட்காரவைத்துக் கேட்பார் என்பார்கள். “ஐயா நின்னா எதிர்த்து நிக்கவே ஆளு யோசிப்பான்” என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். காவல்துறையிலும் ஐயா, கட்சியிலும் ஐயா. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். மறுநாள் நடக்கும்போது, “நீ என்ன சொல்லுத?” என்று கேட்டார். அவர் முகத்தில் பதில் எழுதியிருந்தது. “நில்லுங்கப்பா” என்றேன். அதன் பிறகு அந்தச் சாலையில் நாங்கள் சேர்ந்து நடந்ததில்லை.

பிரச்சாரத்தில் அவர் முதலில் திணறியது ஒரே ஒரு விஷயத்தில்தான். எங்கள் பக்கம் வேட்பாளர் வந்தால் கைக்குழந்தையை வண்டிக்குள் நீட்டி, “பேரு வச்சிட்டுப் போங்கய்யா” என்பார்கள். முதல் குழந்தையை அப்பா, ஸ்டேஷனில் கைப்பற்றிய பொருளைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் உடம்பில் படாமல் பிடித்திருந்தார். போட்டோவில் பார்த்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஜெயித்து ஒரு வருடத்தில் பழகிவிட்டார். வாங்குகிற வேகத்தில் தலைக்குக் கையை முட்டுக் கொடுத்து, காதில் பெயரைச் சொல்லி, நெற்றியைத் தொட்டு, தாயிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நல்ல நேரமும் பார்க்கத் தொடங்கினார். போலீசில் இருந்தபோது நேரம் காலத்தைச் சொன்னால் சிரிப்பவர், வேட்புமனுவைக் கையில் வைத்துக்கொண்டு ராகு காலம் முடியட்டும் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

எனக்குச் செங்கோட்டையில் கல்யாணம் ஆனது. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. பாப்பா பிறந்ததும் என் மாமியார் பெரிய மனதோடு ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். முறைப்படி பெயர் வைக்க வேண்டியது அவர்கள் வீடு. ஆனால், “சம்பந்தி ஊருக்கெல்லாம் வைக்காக. நம்ம பிள்ளைக்கும் அவுக கையாலயே வைக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். சொல்லும்போதே ஒரு கெடுவும் வைத்தார்கள். “மூணாம் மாசம் முடிஞ்சதும் பிள்ளைய அழைச்சிட்டுப் போக வருவோம். அதுக்குள்ள வைக்கலேன்னா எங்க குலதெய்வத்துப் பேரையே வச்சிருவோம், என்ன?”

முதலில் குறித்த நாளில் மலையில் பெருமழை. ஐந்தருவிப் பக்கம் தண்ணீர் திடீரென்று ஏறியது என்று போன் வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது நாள் குறித்தபோது சட்டமன்றக் கூட்டம் முடியவில்லை. சென்னையிலிருந்து பேசினார். “ஏட்டி, கோவிச்சுக்கிடாத.” “இல்லப்பா” என்றேன். கோபித்திருக்கலாமோ என்று போனை வைத்த பிறகு தோன்றியது. கோபித்தால்தான் நினைவிருக்குமோ என்னவோ. அருவியில் மாட்டிக்கொண்டவர்களைவிட என் வீட்டு விசேஷம் பெரிதா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

பெயர் எதுவென்று நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. அவருக்கே நினைவிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் வாயிலிருந்து அது தானாக வர வேண்டும். நான் ஆச்சரியப்படுவதுபோல நிற்க வேண்டும். எத்தனையோ முறை அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா போனோடு மாடிக்கு வந்தாள். “இங்க பாரேன், அப்பாவ.” தொகுதியில் ஏதோ ரேஷன் கடைக் கட்டடத் திறப்பு விழா. கட்சிக்காரர்கள் அனுப்பிய வீடியோ. மைக் முன்னால் நின்ற அப்பாவிடம் ஒரு இளம்பெண் குழந்தையை நீட்டினாள். அப்பா வாங்கினார், காதில் குனிந்தார், பிறகு மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் அசைந்திருக்க வேண்டும். பாப்பா பாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னட்டி, ஒரு மாதிரி ஆயிட்ட?” என்றாள் அம்மா.

“அந்தப் பேரு பாப்பாவுக்குன்னு நினைச்சிருந்தேன்.”

“அவுககிட்ட சொன்னியா?”

“இல்ல.”

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது மொதப் பிள்ளையா என்ன? பொட்டப்பிள்ளையக் கையில குடுத்தா அவுகளுக்கு அந்த ஒரு பேருதான். ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும் யோசிப்பாக. டிரைவர் கிண்டல் பண்ணுதான். இன்னும் ரெண்டு எலெக்சன் போனா டீச்சர் ஒரு பேரக் கூப்பிட்டா பாதி வகுப்பு எந்திரிக்கும்னு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “ஊருக்கு வச்சா நமக்கு வைக்கக் கூடாதா? எத்தன பேருக்கு இருந்தா என்ன?”

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. எனக்கென்று இருந்த பெயரை எடுத்து யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றும். மறந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதுவே வாயில் வருமா என்று அடுத்த கணம் தோன்றும். கணவரிடம் போனில் சொன்னேன். “வேற பேரு வச்சாப் போச்சு. நல்ல பேருக்கா பஞ்சம்?” என்றார். பிறகு மெதுவாக, “அம்மா வர்ற புதன்கிழமை கார் சொல்லியிருக்காங்க” என்றார்.

வியாழக்கிழமையிலிருந்து அப்பாவிடம் பேச முயன்றேன். சாப்பிடும்போது போய் நின்றேன். ஒரு கையில் தோசை, ஒரு கையில் போன். என்னைப் பார்த்து, “என்ன?” என்று புருவத்தை உயர்த்தினார். “ஒண்ணுமில்லப்பா, சாப்பிடுங்க” என்றேன். கார் வரைக்கும் போனேன். காருக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அவர் போனைத் தொடாமல், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்னறையில் மனு வாங்கும் நாற்காலி.

திங்கட்கிழமை காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டி, நானும் குளித்து, நூல் சேலை கட்டிக்கொண்டு பின்படி வழியாக இறங்கினேன். வீட்டைச் சுற்றி வந்து வாசலில் வரிசையின் கடைசியில் நின்றேன். நின்ற உடனேயே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அப்பாவுக்கு இது அவமானமோ, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பாப்பாவுக்குக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் ஓடியது. அதற்குள் எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

முன்னால் நின்ற அம்மாள் திரும்பினார். “எங்க தெருவுல சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வருதும்மா. நீ எதுக்கு வந்திருக்க?”

“பிள்ளைக்குப் பேரு வைக்க.”

“வச்சிக்கோ, வச்சிக்கோ. ஐயா கை ராசியான கை. எங்க நாத்தனா பேத்திக்கும் அவுகதான் வச்சாக. வாயின்னா அப்படி ஒரு வாயி அதுக்கு.”

“என்ன பேரு?” என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். அவர் சொன்னார். அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து, ஒரு வாயாடிக் குழந்தையின் பெயராகக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

வரிசையை ஒழுங்குபடுத்தும் உதவியாளர் என்னைப் பார்த்துவிட்டார். “அக்கா, நீங்க எதுக்கு இங்கன நிக்கீங்க? உள்ள போங்க.”

“வரிசையிலயே வாரேன், தம்பி.”

“ஏ ஆத்தா, ஐயா மகளா நீ?” என்றார் முன்னால் நின்றவர். “உள்ள இருக்கவ வெளிய வந்து நிக்கியே. முன்னால போ தாயி.”

நான் போகவில்லை. அவர் சாக்கடையைப் பற்றிச் சொல்லி முடித்து, கும்பிட்டு நகர்ந்தார். அப்பா அந்த மனுவின் ஓரத்தில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், “உக்காருங்க, சொல்லுங்கம்மா” என்றார்.

“அப்பா” என்றேன்.

நிமிர்ந்தவர் பாதி எழுந்தே விட்டார். “பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லையா?”

“நல்லாருக்காப்பா. பேரு வைக்கணும்.”

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா என்னையும் வரிசையையும் பார்த்தார். “இங்கனயா?”

“புதன்கிழமை அவுக வீட்டுல இருந்து வாராக.”

அவர் உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். பழகிய கை. தலை சரியாக அவர் உள்ளங்கையில் போய் அமர்ந்தது. ஆனால் மைக் முன்னால் இருந்த அந்த வேகம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன பேரு நினைச்சிருக்க?”

சொன்னேன்.  எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “அத நிறையப் பிள்ளைகளுக்கு வச்சிட்டேனேட்டி. பொட்டப்பிள்ளையக் கையில குடுத்தா வேற எதுவும் எனக்கு வாயில வரமாட்டேங்கு” என்றார்.

“எனக்கு வைக்கலியேப்பா.”

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் வரவில்லை. வந்துவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்குமே என்று பயமாகவும் இருந்தது. அப்பா தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பாப்பாவின் காதருகே குனிந்து பெயரைச் சொன்னார். முதல் தடவை எல்லாருக்கும் கேட்டது. இரண்டாவது தடவை எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

உள்வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். “ராகு காலத்துலயாட்டி வைப்பாக? திங்கக்கிழமை காலையில.”

“என் சர்வீஸ்ல பாதி ராகு காலத்துலதான் போச்சு” என்றார் அப்பா. “சம்பந்தியம்மாட்ட நேரத்தச் சொல்ல வேண்டாம்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குழந்தையை வாங்கிக்கொள்ள உதவியாளர் முன்னால் வந்தார். “இருக்கட்டும்” என்றார் அப்பா. “அடுத்து யாரு, வாங்க.”

பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ் இப்போது மெயின்ரோட்டு விலக்கிலேயே திரும்பிப் போகிறதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்றார். அப்பா பாப்பாவை மடியில் சரித்து வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டார். எந்த டிப்போ, எப்போதிலிருந்து, டிரைவரிடம் பேசிப் பார்த்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியவர் நடுவில் குழந்தையைப் பார்த்துவிட்டுப் பேச்சை விடுவார். அப்பா எடுத்துக் கொடுப்பார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். போகும்படி யாரும் சொல்லவில்லை. அப்பா வேலை செய்வதை இவ்வளவு அருகில் நின்று நான் பார்த்ததே இல்லை. பெரியவருக்குப் பிறகு இன்னொருவர் வந்தார். அவருக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர்.

பாப்பா முகத்தைச் சுளித்து, பசிக்கு அழ ஆரம்பித்தாள். அப்பா குனிந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அழுகை கூடியது. என்னிடம் நீட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் இவள் அழாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி வாங்கிக்கொண்டேன்.